நிறுத்தும் இடத்தில் பிறக்கும் ஓசை

“‘அஹது’ இல்ல தம்பி, ‘அஹத்’. கடைசியில ‘உ’ வரக் கூடாது. நாக்கைத் தட்டி எடு, அவ்வளவுதான்.”

பையன் மறுபடி ஓதுகிறான். இந்த முறை ‘த்’ சப்பென்று நின்று போகிறது. ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் தலையை ஆட்டுகிறார். “இதுவும் இல்ல. அது அடங்கிப் போச்சு. தட்டணும், எழும்பணும், ஆனா உயிரெழுத்து கேக்கக் கூடாது.” மூன்றாவது தடவை சரியாக விழுகிறது. விழுந்த மறு நொடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் அதையே சொல்லிப் பார்க்கிறார்கள். அத், அத், அத் என்று கூடம் முழுக்க ஒரே துள்ளல்!

கலசப்பாக்கத்தில் மஃரிப் தொழுகை முடிந்த கையோடு கூடுகிற மதரஸா இது. வெளியே திருவண்ணாமலை, போளூர் பஸ்களின் ஹாரன். சற்றுத் தள்ளிச் செய்யாறு. வானம் தெளிந்திருந்தால் பருவதமலை. உள்ளே பாய், குர்ஆனை விரித்து வைக்கும் ரெஹல், ஆளுக்கு ஒரு ராகத்தில் இழுக்கும் பிள்ளைகள். குர்ஆன் ஓதுவதைத் தூரத்தில் இருந்து கேட்டு மயங்காத காது இந்த ஜில்லாவில் குறைவு. அந்த ஓசை ஒரு பிள்ளையின் நாக்கில் எப்படி ஏறுகிறது என்று கிட்டே உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே, “உக்காருங்க சார், ஆனா நடுவுல கேள்வி கேட்டா நீங்களும் ஓதணும்” என்றார். ஓதவும் வைத்தார்!

முதலில் அந்த ‘அஹது’வுக்கு வருவோம். பையன் மீது பழி இல்லை. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லின் கடைசியில் நிற்க மாட்டா. கூடவே ஓர் உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். நாடு, காது, பாட்டு என்று அரை மாத்திரை அளவுக்குக் குறுகி ஒலிக்கிற அந்தக் குற்றியலுகரம் நம் நாக்கின் பிறவிப் பழக்கம். பஸ்ஸு, கப்பு, ஹஜ்ரத்து என்று நாம் சொல்வதெல்லாம் அதனால்தான். எட்டு வயதுப் பிள்ளை ‘அஹது’ என்று ஓதினால், அவன் நாக்குக்குள் இருந்து நன்னூல் பேசுகிறது என்று அர்த்தம்!

அரபு ஓதல் கேட்பது வேறு. குர்ஆனில் இக்லாஸ் என்னும் 112ஆவது சூராவில், அதாவது அத்தியாயத்தில், 4 வசனங்கள். அஹத், ஸமத், யூலத், அஹத் என்று நான்கும் ‘தால்’ எழுத்தில் முடிகின்றன. தால், ‘கல்கலா’ எழுத்துகள் ஐந்தில் ஒன்று. காஃப், தொண்டையைக் கனக்க வைத்துச் சொல்லும் தா, பா, ஜீம், தால் ஆகிய இந்த ஐந்தும் உயிர் இல்லாமல் நின்றால், அடைத்த காற்று சட்டென்று விடுபட்டு ஒரு சின்ன அதிர்வு கேட்க வேண்டும். உகரமாகவும் ஆகிவிடக் கூடாது, ஊமையாகவும் நின்றுவிடக் கூடாது. பிள்ளைகள் அந்த ஐந்தையும் ‘குத்பு ஜத்’ என்று கோத்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கேட்டதும் கோரஸாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஹஜ்ரத் ஒன்று செய்தார். பிள்ளைகளிடம், “தப்பத் யதாவுல இருந்து ஃபலக் வரைக்கும் ஓதுங்க. சார், நீங்க முடிவை மட்டும் கேளுங்க” என்றார். 111, 112, 113 ஆகிய மூன்று சின்னச் சூராக்கள். வசனம் முடிகிற இடங்களை மட்டும் விரல் விட்டு எண்ணினேன். முதலாவதில் பா, பா, பா, பா, தால். இரண்டாவதில் நான்கும் தால். மூன்றாவதில் காஃப், காஃப், பா, தால், தால். மொத்தம் 14 முடிவுகள், பதினாலும் கல்கலா! அடுத்தடுத்து மூன்று சூராக்கள் முழுக்க அந்த அதிர்விலேயே நடந்து, 114ஆவது சூராவான நாஸுக்கு வந்ததும் தடதடப்பு நின்று, 6 வசனங்களும் ‘ஸ்’ என்று காற்றாக வெளியேறுகின்றன. அந்தச் சூராவின் பேச்சே மனசுக்குள் காதோடு கிசுகிசுக்கும் தீமையைப் பற்றியது. உள்ளங்கை சில்லிட்டது எனக்கு.

தமிழ் யாப்புப் படித்தவர்களே, இதை உங்களுக்காகவே சொல்கிறேன். பா வேறு எழுத்து, தால் வேறு எழுத்து, காஃப் வேறு எழுத்து. ஆனாலும் காது ஒப்புக்கொள்கிறது. ஏன்? மூன்றும் ஒரே இனம். நம் செய்யுளில் இரண்டாம் எழுத்து அப்படியே ஒன்றினால்தான் எதுகை என்று இல்லை. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம் வந்தாலும் இன எதுகை என்று ஏற்றுக்கொள்வோம். குர்ஆனின் வசன முடிவுகளிலும் இதே தாராளம் உண்டு. ஃபாத்திஹாவின் 7 வசனங்கள் ‘ஈன்’, ‘ஈம்’ என்று மாறி மாறி முடியும். னகரமும் மகரமும் மெல்லினம், சேர்ந்துகொள்ளும். ‘ஊன்’ வந்த இடத்தில் ‘ஈன்’ வரலாம், அதற்கும் தடை இல்லை. குர்ஆனில் அதிகமாகக் காதில் விழும் முடிவே இந்த ஊன், ஈன் ஜோடிதான். பாக்கியத் தமிழ்க் காது! இந்த நெகிழ்வை யாரும் விளக்காமலே புரிந்துகொள்ளும்.

ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. நம் செய்யுளின் உயிர் அடியின் தலைப்பக்கம். மோனை முதல் எழுத்தில், எதுகை இரண்டாம் எழுத்தில். அடியின் கடைசியில் ஒன்றும் இயைபைத் தொல்காப்பியமும் சொல்கிறது; சொன்னாலும் அது நமக்குச் சின்ன வீட்டுப் பிள்ளை போலத்தான். அரபியில் எல்லாக் கவனமும் வால்பக்கம். அதனால் தமிழ்க் காது குர்ஆனைக் கேட்கும்போது ஒரு வசனம் தொடங்கியதும் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. ஓசையோ கடைசிச் சொல்லில் வந்து இறங்குகிறது. அதற்குக் காதைத் திருப்பி வைக்க எனக்கு நேரம் பிடித்தது. திருப்பி வைத்ததும் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இனி இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். இந்த ஓசை தாளில் இல்லை! அச்சிட்ட குர்ஆனைத் திறந்து, குறிகளை எழுத்துக்கூட்டி வாசித்தால், வசனங்களின் முடிவு பல இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 108ஆவது சூரா கவ்ஸர். குர்ஆனிலேயே மிகச் சிறியது, 3 வசனம். எழுதியிருப்பதை அப்படியே படித்தால் முதல் வசனம் ‘கவ்ஸர’ என்று அகரத்தில் முடியும். இரண்டாவது ‘வன்ஹர்’ என்று மெய்யில் முடியும். மூன்றாவது ‘அப்தரு’ என்று உகரத்தில் முடியும். அகரம், மெய், உகரம். மூன்றும் மூன்று திசை. அரபு இலக்கணத்தில் சொல்லின் கடைசி உயிர்தான் வேற்றுமையைக் காட்டுவது; வாக்கியத்தில் சொல் என்ன வேலை செய்கிறது என்பதற்கேற்ப அது மாறும்.

ஆனால் ஓதுகிறவர் அங்கே மூச்சை நிறுத்துகிறார். நிறுத்தினால் கடைசி உயிர் உதிர்ந்துவிடும் என்பது விதி. ‘வக்ஃபு’ என்று மதரஸாவில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். உயிர் உதிர்ந்ததும் கவ்ஸர், வன்ஹர், அப்தர். மூன்றும் கைகோத்துக்கொண்டன! இயைபைச் செய்து முடித்தது அந்த நிறுத்தம். இது சூராவுக்குச் சூரா நடக்கிறது. பெண்பால் சொற்களின் கடைசித் தகரம், நிறுத்தினால் ‘ஹ்’ ஆகிவிடும். ‘அன்’ என்று முடியும் சொல், நிறுத்தினால் நீண்டு ‘ஆ’ என்று நிற்கும். இந்த மூன்று நான்கு விதிகளும் ஒன்று சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம் வசனங்களின் கரையை நெய்து கொடுக்கின்றன. நிறுத்தத் தெரியாதவருக்கு இந்த ஓசை கிடைக்காது. அதனால்தான் ஹஜ்ரத் ஒரு ‘த்’துக்காகக் கால் மணி நேரம் செலவழிக்கிறார்.

நிறுத்தத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘ஈன்’, ‘ஊன்’, ‘ஆன்’ என்று முடியும் வசனத்தில் நிறுத்தும்போது அந்த நெடிலை நீட்டலாம். நீட்டலுக்கு ‘மத்து’ என்று பெயர். சாதாரண நெடில் 2 அளவு. நிறுத்தத்தில் வருகிற நெடில் 2, 4, 6 என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் தொடங்கிய அளவை ஒரே மாதிரி கடைசி வரை காக்க வேண்டும். ஹஜ்ரத் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அளவு காட்டுகிறார். பிள்ளைகளின் கண் அந்த விரலை விட்டு நகரவில்லை. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, அளபெடைக்கு 3 என்று நாம் தமிழ் வகுப்பில் எண்ணியதுதானே இது! இசை குறையும் இடத்தில் உயிரை நீட்டி நிறைப்பது நமக்கு இசைநிறை அளபெடை. நான் அதைச் சொன்னதும் ஹஜ்ரத், “அப்படியா! இதை நாளைக்கே பெரிய பசங்களுக்குச் சொல்லிடறேன்” என்றார். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் ஓதியவர். பாகவி என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் உரிமையுள்ளவர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குர்ஆன் முழுவதையும் தமிழில் தந்த ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியும் அந்தக் கல்லூரியில் இருந்து வந்தவர்தான்.

இத்தனை ஓசை ஒற்றுமை இருந்தும் குர்ஆனின் வசன முடிவை அறிஞர்கள் கவிதை இயைபின் பெயரால் அழைப்பதில்லை. ‘ஃபாஸிலா’ என்று தனிப் பெயர். காரணம் வரலாற்றில் இருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்தைய அரபு நாட்டில் குறி சொல்கிற காஹின்கள் ‘ஸஜ்உ’ என்னும் இயைபு உரைநடையில் பேசினார்கள். குர்ஆனைக் கேட்ட மக்காவாசிகள் சிலர் இதுவும் அந்த மாதிரிதான் என்றார்கள். 69ஆவது சூராவான ஹாக்கா அதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது: இது கவிஞரின் பேச்சும் அல்ல, குறி சொல்பவரின் பேச்சும் அல்ல என்ற மறுப்பு அதன் 41, 42ஆவது வசனங்களில் வருகிறது. 1013இல் மறைந்த பாகில்லானி என்ற பேரறிஞர், குர்ஆனில் இருப்பது ஸஜ்உ அல்ல என்று நிறுவ ஒரு பகுதியே எழுதினார். ஸஜ்உவில் ஓசை முந்தி நிற்கும், பொருள் பின்னால் ஓடும்; குர்ஆனில் பொருள் முந்தி நிற்கும் என்பது அவர் பக்கத்து வாதத்தின் சாரம்.

அவர் காலத்தில் எதிர்த்தரப்பு எடுத்து வைத்த சாட்சி சுவையானது. மூஸா நபியும் ஹாரூன் நபியும் சேர்ந்து வருகிற ஒரு காட்சி. சூனியக்காரர்கள் தோற்று இறைவனை நம்புகிறார்கள். 7ஆவது சூராவிலும் 26ஆவது சூராவிலும் ‘மூஸா, ஹாரூன்’ என்ற வரிசை. 20ஆவது சூராவில் மட்டும் ‘ஹாரூன், மூஸா’. ஏன் என்று முடிவுகளைக் கேட்டாலே தெரியும்: முந்தைய இரண்டு சூராக்களும் ஊன், ஈன் என்று போகின்றன, 20ஆவது ‘ஆ’ என்று போகிறது. ஓசைக்காகத்தான் பெயர் இடம் மாறியது என்றார்கள் எதிர்த்தரப்பினர். ஒரே கதையை வேறு வேறு சொற்களில் சொல்லியும் நிகரற்று நிற்பதே இதன் அற்புதம் என்றார் பாகில்லானி. ஆயிரம் வருஷத்து வழக்கு! இரண்டு தரப்பும் ஒரே காதோடு கேட்டிருக்கின்றன என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இதைவிடச் சூடான சண்டை ஒன்று இருக்கிறது. 55ஆவது சூரா ரஹ்மான். 78 வசனம், அதில் 31 வசனங்கள் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது. பெரும்பாலும் ‘ஆன்’ முடிவு. அரபியில் இருமை எண்ணும் ‘ஆன்’ என்று முடிவதுண்டு. இரண்டு தோட்டங்கள், இரண்டு ஊற்றுகள் என்று ஜோடி ஜோடியாகச் சூரா நடக்கிறது. 822இல் மறைந்த இலக்கண மேதை ஃபர்ரா, 46ஆவது வசனத்துத் தோட்டங்கள் உண்மையில் ஒன்றாகவும் இருக்கலாம், முடிவு ஒத்துப்போக இருமை வந்திருக்கலாம் என்று எழுதிவிட்டார். 889இல் மறைந்த இப்னு குதைபா கொதித்துப்போனார். முடிவுக்காக ஓர் எழுத்தைக் கூட்டலாம், ஓர் எழுத்தைக் குறைக்கலாம், அவ்வளவுக்கு ஒப்புவேன். இறைவன் வாக்களித்த இரண்டு தோட்டத்தை ஒன்றாக்குவதா என்று கேட்டார். நான் இப்னு குதைபா கட்சி. அந்தச் சூராவே முழுக்க இரட்டைகளின் உலகம். மனிதரும் ஜின்னும், இரண்டு கிழக்கும் இரண்டு மேற்கும், கடல் இரண்டு. இருமை அங்கே பொருளாகவே இருக்கிறது. ஓசை அதோடு சேர்ந்து நடக்கிறது.

எழுத்தைக் கூட்டலாம் என்றாரே, அதற்கு உதாரணத்தை ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பச்சை மக்கனா அணிந்த பத்து வயதுப் பிள்ளை. ஹாக்கா சூராவை ஓதிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, “ஹஜ்ரத், ‘கிதாபீ’ன்னாலே என் புத்தகம்தானே, ஏன் ‘கிதாபியஹ்’னு வருது?” என்று கேட்டாள். கூடம் ஒரு கணம் அமைதியானது. கேள்வி அவ்வளவு சரியானது!

மறுமை நாளில் மனிதர்களின் கையில் அவரவர் வினைப் பதிவேடு தரப்படுகிறது. வலக்கையில் வாங்கியவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார். இடக்கையில் வாங்கியவர் புலம்புகிறார். கிதாபியஹ், ஹிஸாபியஹ், மாலியஹ், ஸுல்தானியஹ். என் ஏடு, என் கணக்கு, என் சொத்து, என் அதிகாரம். இலக்கணத்துக்குத் தேவைப்படாத ஒரு ‘ஹ்’ ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒட்டியிருக்கிறது. நிறுத்தத்துக்கென்றே வருகிற ஹகரம் அது. ஓதிப் பாருங்கள், அந்த ‘ஹ்’ ஒரு பெருமூச்சு. வலக்கைக்காரரிடம் அது பூரிப்பின் மூச்சு, இடக்கைக்காரரிடம் இழப்பின் மூச்சு. ஒரே எழுத்து!

அதோடு முடியவில்லை. 29ஆவது வசனம் வரை ‘இயஹ்’ என்று புலம்பல் இழுபடுகிறது. 30ஆவதில் அவரைப் பிடித்துக் கட்டச் சொல்லும் கட்டளை வருகிறது. அந்த நொடியில் முடிவு ‘ஊஹ்’ என்று மாறிவிடுகிறது. குல்லூஹ், ஸல்லூஹ், ஸ்லுகூஹ். மூன்றே வசனம், மூன்று அடி. அழுதுகொண்டிருந்தவரின் குரல் அறுந்து, கட்டளையிடும் குரல் மட்டும் கேட்கிறது. அந்தச் சிறுமி இந்த இடத்தை ஓதும்போது அவள் குரலே கெட்டிப்பட்டதைக் கேட்டேன். பொருள் அவளுக்கு முழுதாகத் தெரியாது. ஓசை அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இந்த மண்ணில் இது நடப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. திருவண்ணாமலையின் அருணகிரிநாதர் சந்தத்தால் ஊரையே ஆட்டி வைத்தவர். அவர் திருப்புகழின் சந்தத்தில் சொக்கிப்போன காயல்பட்டினத்துக் காசிம் புலவர், நபிகள் நாயகத்தின் மீது ஒரு திருப்புகழே பாடினார். நாவு எந்த மதத்தினுடையது என்று சந்தம் பார்ப்பதில்லை. தமிழ் முஸ்லிம்கள் ரமழான், காழி என்றெல்லாம் எழுதும்போது, ஒரு வசதியாக நம் ழகரத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்! நாக்கின் ஓரத்தைக் கடைவாயில் அழுத்திச் சொல்லும் ‘ளாத்’ எழுத்துக்கு ழகரம் ஒரு கைகாட்டி மட்டும்தான், சரியான உச்சரிப்பு ஹஜ்ரத்தின் வாயைப் பார்த்துத்தான் வரும் என்பது வேறு விஷயம்.

குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்த ஹாபிழ்களுக்கு ஓசை உதவி. அதுவே வம்பும் கூட. ரமழான் மாதத்துத் தராவீஹ் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் பார்க்காமல் ஓதி, பெரும்பாலும் 27ஆம் இரவுக்குள் முடிப்பார்கள். ஓதுகிறவருக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். சறுக்கினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். அதற்கு ‘லுக்மா’ என்று பெயர். எங்கே சறுக்கும்? அழகான இடத்தில்தான் சறுக்கும்! ‘கஃபூருன் ரஹீம்’, ‘அலீமுன் ஹகீம்’ போல ஒரே அளவும் ஒரே ஓசையுமாக முடியும் வசனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நாக்கு ஓர் ஓசையில் ஏறி வேறு சூராவுக்குப் போய் இறங்கிவிடும். “மூஸா, ஹாரூன் இருக்கே, அதுல மாட்டாத ஹாபிழே கிடையாது சார்” என்றார் ஹஜ்ரத். பாகில்லானி வழக்காடிய அதே இடம்! ஒத்த வசனங்களை எல்லாம் பட்டியல் போட்டு, இந்தச் சூராவில் இப்படி, அந்தச் சூராவில் அப்படி என்று தனியாக மனப்பாடம் செய்வது, ஹாபிழ்களை உருவாக்கும் ஹிஃப்ளு வகுப்பின் மறைமுக வேலை. மேடையில் நாம் கேட்கும் ஆற்றொழுக்குக்குப் பின்னால் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன.

ஓசை நிற்கச் சொல்லும், பொருள் நிற்காதே என்று சொல்லும் இடங்களும் உண்டு. 107ஆவது சூராவில் 4ஆவது வசனம் தொழுகையாளிகளுக்குக் கேடு என்ற அளவில் முடிந்துவிடுகிறது. எந்தத் தொழுகையாளிகள், அலட்சியமாகத் தொழுகிறவர்கள் என்பது 5ஆவது வசனத்தில்தான் வருகிறது. மூச்சு வாங்கப் போய்ப் பொருள் தலைகீழாகிவிடும்! இதற்காகவே நம் நாட்டு அச்சுகளில் வரிகளுக்கு மேலே மீம், தா, ஜீம், லா என்று பொடி எழுத்துகள் இருக்கும். கட்டாயம் நில், நிற்கலாம், நிற்காதே என்று வழிகாட்டும் குறிகள். 1165இல் மறைந்த ஸஜாவந்தி என்பவர் வகுத்த முறை அது. கலசப்பாக்கத்துப் பிள்ளை அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு போகிறது. அந்தக் காட்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னும் ஒன்றே ஒன்று, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. 19ஆவது சூரா மர்யம். 98 வசனம். முதல் வசனத்துத் தனி எழுத்துகளைத் தாண்டியதும் ‘இய்யா’ என்ற இதமான முடிவு தொடங்குகிறது. ஸகரிய்யா நபி முதுமையில் மெல்லிய குரலில் பிள்ளைக்காக வேண்டுகிறார். மர்யம் தனியே போகிறார், பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பிறக்கிறது, தொட்டில் குழந்தை பேசுகிறது. 33ஆவது வசனம் வரை ஏறக்குறைய எல்லாம் ‘இய்யா, இய்யா’ என்று தாலாட்டு மாதிரியே போகிறது. 34ஆவது வசனத்தில் திடீரென்று ‘ஊன்’. அடுத்து ‘ஊன்’, ‘ஈம்’, ‘ஈம்’, ‘ஈன்’, ‘ஊன்’, ‘ஊன்’. ஏழு வசனங்கள். கதை நின்றுவிட்டது, ஈஸா நபியைப் பற்றி மக்கள் செய்யும் தர்க்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. 41ஆவது வசனத்தில் இப்ராஹீம் நபியின் கதை தொடங்குகிறது, ‘இய்யா’ திரும்பி வந்துவிடுகிறது! கடைசிப் பகுதியில் அதுவும் மாறி ‘தா’ என்று கனத்து, ‘ரிக்ஸா’ என்ற சொல்லோடு சூரா முடிகிறது. அந்தச் சொல்லுக்குக் காதுக்கு எட்டியும் எட்டாத மெல்லிய ஒலி என்று பொருள். மெல்லிய குரலில் தொடங்கி, மெல்லிய ஒலி என்ற சொல்லில் முடிகிற சூரா!

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பில் குர்ஆனைப் படித்த தமிழ் வாசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொருள் அதில் கிடைக்கும், நிறுத்தம் கிடைக்காது. எகிப்தின் ஹுஸரீ, அப்துல் பாஸித் போன்ற காரிகளின், அதாவது தேர்ந்த ஓதுவோரின், பதிவுகள் எந்தச் செல்போனிலும் கிடைக்கும். ஹுஸரீ நிதானமாக ஓதுபவர், புதிதாகக் கேட்பவர்களுக்கு அவரே நல்லது. மர்யம் சூராவை எடுத்து, 16ஆவது வசனத்தில் இருந்து 41 வரை கேளுங்கள். பொருள் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பிடியுங்கள். ஓசை எந்த இடத்தில் மாறுகிறது, எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும். அதற்கப்புறம் தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்து அந்த இரண்டு இடங்களிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.